முன்னுரிமை வரிசையும் போக்குச் சீராக்கமும்

'க்யூ' என்றால் பிரெஞ்சில் வால். லத்தீன் 'கௌடா'வின் வழி வந்த சொல். ஆங்கிலத்தில் அது பின்னல் சடைக்கும் வழங்கியது, 19ஆம் நூற்றாண்டில்தான் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்பதையும் குறிக்கத் தொடங்கியது. டெலிபோன் வந்ததும் காத்திருப்புக்குக் கணக்கு தேவைப்பட்டது. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங் 1909-இல் வெளியிட்ட கட்டுரையைத்தான் இன்றைய வரிசைக் கோட்பாட்டின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குத் தரவைக் கடத்திவிடும் கருவியான ரவுட்டருக்குள் இருக்கும் க்யூவும் இந்தப் பரம்பரைதான். வெளியே போகும் இணைப்பு ஒழியும்வரை பாக்கெட்டுகள், அதாவது தரவின் சிறு துண்டுகள், தங்கியிருக்கும் நினைவகப் பகுதி அது.

தமிழில் இதற்கு 'வரிசை' போதும். அட்டவணையின் கிடைவரிசைக்கும் அதே சொல்தானே என்று தயங்குகிறவர்கள் உண்டு. இடம் பார்த்தால் புரிந்துவிடும். எனக்கு இந்தச் சொல் பிடித்ததற்கு வேறு காரணம் இருக்கிறது. வரிசை என்பது ஆள் நிற்கும் ஒழுங்கு மட்டுமல்ல, அவரவர் தகுதியும் அதற்குரிய மரியாதையும்கூட. சீர்வரிசை என்கிறோமே, அந்த வரிசை. குறள் 528 இப்படிப் போகிறது: 'பொதுநோக்கான் வேந்தன் வரிசையா நோக்கின் அதுநோக்கி வாழ்வார் பலர்.' எல்லாரையும் ஒன்றுபோல் பார்ப்பது பொதுநோக்கு, அவரவர் தகுதிக்கேற்பப் பார்ப்பது வரிசையாக நோக்குவது. ரவுட்டர் செய்யக்கூடிய இரண்டு வேலைகளும் இவைதான். முதலில் வந்த பாக்கெட் முதலில் போகட்டும் என்று விட்டால் பொதுநோக்கு. தொலைபேசிப் பேச்சைச் சுமக்கும் குரல் பாக்கெட்டை முன்னே விட்டு, ராத்திரி பேக்கப்பைப் பின்னே நிறுத்தினால் வரிசை நோக்கு. ஆகவே 'பிரையாரிட்டி க்யூயிங்' என்பதற்கு 'முன்னுரிமை வரிசை' என்று தாராளமாக எழுதலாம்.

பாக்கெட்டின் தகுதி ரவுட்டருக்கு எப்படித் தெரியும்? அதன் முன்பகுதியான தலைப்பிலேயே (ஹெடர்) எழுதியிருக்கும். ஐபி எனும் இணைய நெறிமுறையை வரையறுத்து 1981-இல் வந்த ஆர்எஃப்சி 791 என்ற ஆவணம் இதற்கு 3 பிட் ஒதுக்கி 8 படிகள் வைத்தது. ரொட்டீன், பிரையாரிட்டி, இம்மீடியட், ஃபிளாஷ் என்று அவற்றுக்கு இட்ட பெயர்கள் அமெரிக்க ராணுவத்தின் செய்தி அனுப்பும் முறையில் வழங்கியவை. 1998-இல் அது 6 பிட்டாக விரிந்து 64 மதிப்புகளுக்கு இடம் வந்தது. குரலுக்கு வழக்கமாக இடுவது 46.

இதெல்லாம் ஊருக்கு ஊர் போகும் இணைப்பில்தான் பெரிதும் தேவைப்படுகிறது. இதை 'வைட் ஏரியா நெட்வொர்க்' என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தை வைத்து 'வான் லிங்க்' என்று எழுதினால் ஆகாயத்துக்குப் போய்விடும், 'விரிபரப்பு இணைப்பு' நல்லது. 1500 பைட் பாக்கெட் ஒன்றை 1 ஜிபிபிஎஸ் (விநாடிக்கு 100 கோடி பிட்) கம்பியில் ஏற்ற 12 மைக்ரோ விநாடி ஆகும். 2 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 20 லட்சம் பிட்) இணைப்பில் அதுவே 6 மில்லி விநாடி. பழைய 64 கேபிபிஎஸ் (விநாடிக்கு 64 ஆயிரம் பிட்) இணைப்பில் 187.5 மில்லி விநாடி. பேச்சு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 150 மில்லி விநாடிக்கு மேல் ஆகாமல் இருப்பது நல்லது என்பது ஐடியு எனும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அந்தக் காலத்து இணைப்பில் முன்னே ஒரே ஒரு பெரிய பாக்கெட் நின்றாலே பேச்சு கெட்டது.

அடுத்த சொல்லான 'டிராஃபிக் ஷேப்பிங்'தான் தகராறு பிடித்தது. 'டிராஃபிக்' இத்தாலிய, பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது வணிகம் என்று பொருள்பட்டது. சரக்கு போய்வருவது, அப்புறம் வண்டி போய்வருவது, பிறகு அழைப்பும் தரவும். 'போக்குவரத்து' என்று தமிழில் வைத்ததில் குறை இல்லை. 'ஷேப்பிங்' என்பதை 'வடிவமைத்தல்' என்று மாற்றுகிறார்களே, அதுதான் சரியில்லை. வடிவமைப்பு என்றதும் தமிழ் வாசகருக்கு டிசைன்தான் நினைவுக்கு வரும். இங்கே யாரும் எதையும் டிசைன் செய்வதில்லை. நேரம் கிடைக்கோட்டிலும் போக்கின் அளவு நெடுக்கோட்டிலும் வைத்து வரைபடம் போட்டால் கூர்கூராக எழும்பும் அல்லவா, அந்தக் கூரை மழுக்கி மட்டமாக்குவதைத்தான் ஷேப்பிங் என்கிறார்கள். 'போக்குச் சீராக்கம்' என்றால் பொருள் நேராக வந்து சேர்கிறது.

இது பிட்டுகளின் வேகத்தைக் குறைப்பதும் இல்லை. ரவுட்டரில் கம்பி செருகும் வாசலான போர்ட் 100 எம்பிபிஎஸ், அதில் 10 எம்பிபிஎஸ்ஸுக்குச் சீராக்கினால், ஒவ்வொரு 10 மில்லி விநாடியிலும் 1 மில்லி விநாடி முழு வேகத்தில் அனுப்பிவிட்டு மீதி 9-இல் சும்மா இருப்பது போன்ற கணக்கு. மிஞ்சிய பாக்கெட்டுகள் வரிசையில் காத்திருக்கும். மிஞ்சியதைக் காக்க வைக்காமல் அங்கேயே வீசிவிடுவது 'போலீசிங்'. இணைப்பு தரும் நிறுவனங்கள் தங்கள் முனையில் பெரும்பாலும் செய்வது இது. இதற்கு 'வரம்புக் காவல்' என்று சொல்லிப் பார்க்கலாம்.

இரண்டு சொற்களையும் சேர்த்து விளக்குவதற்குக் காரணம் உண்டு. முன்னுரிமை வரிசையை மட்டும் ரவுட்டரில் எழுதிவிட்டு, பேச்சு இன்னும் வெட்டி வெட்டிக் கேட்கிறதே என்று தலையைச் சொறிகிறவர்கள் அதிகம். வாங்கியது 10 எம்பிபிஎஸ், போர்ட் 100 எம்பிபிஎஸ் என்றால் ரவுட்டரின் வாசல் அநேகமாக நிரம்பவே நிரம்பாது. க்யூவே சேராத இடத்தில் முன்னுரிமைக்கு என்ன வேலை? நெரிசல் அந்தப் பக்கம், நிறுவனத்தின் வரம்புக் காவலில் நடக்கும். அதற்குக் குரலும் ஒன்று, பேக்கப்பும் ஒன்று. ஆகவே 10-க்குச் சற்றுக் கீழே நாமே சீராக்கி, வரிசை நம் ரவுட்டரில் சேரும்படி செய்ய வேண்டும். சீராக்கம் முதலில், முன்னுரிமை அதற்குள்ளே.

முன்னுரிமையிலும் அளவு வேண்டும். ரவுட்டர் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனத்தின் பழைய முறையில் உயர், நடு, சாதாரண, தாழ் என 4 வரிசைகள். உயர் வரிசையில் ஒரு பாக்கெட் இருக்கும்வரை மற்றவை அசையா. தாழ் வரிசை கிடந்து காய வேண்டியதுதான், அதற்குத் துறையில் 'பட்டினி' என்றே பெயர். பின்னால் வந்த முறைகள் முன்னுரிமை வரிசைக்கு உச்சவரம்பு வைத்தன. நெரிசலின்போது வரம்பைத் தாண்டினால் குரல் பாக்கெட்டாக இருந்தாலும் விழும். இதில் ஒரு பொறி உண்டு. ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் அழைப்பு ஒன்றுக்கு ஐபி தலைப்புகளோடு 80 கேபிபிஎஸ், 10 அழைப்புகளுக்கு 800. வரம்பை அதற்குச் சரியாக வைத்துவிட்டு 11-வது ஆள் பேச ஆரம்பித்தால் கெடுவது அவர் பேச்சு மட்டுமல்ல, 11 பேச்சும் கெடும். எந்தப் பாக்கெட் எந்த அழைப்பினுடையது என்று வரிசைக்குத் தெரியாது. ஆகவே 11-வது அழைப்புக்கு மணி அடிக்கும் முன்பே இடமில்லை என்று சொல்லும் ஏற்பாடு தொலைபேசி சர்வரில் இருக்க வேண்டும். அதன் பெயர் 'அழைப்பு அனுமதிக் கட்டுப்பாடு', அதை ரவுட்டரின் வரிசை அமைப்பில் தேடிப் பயனில்லை.