ஒப்பு ஈரப்பதம் 100 என்றால் மழையா?

வானிலைக்கும் காலநிலைக்கும் வேறுபாடு கேட்டால் எல்லாரும் சொல்லிவிடுவார்கள். இன்றைய வெயில், மேகம், காற்று வானிலை. ஓரிடத்தின் பதிவுகளைச் சுமார் 30 ஆண்டுகளுக்குத் தொகுத்துப் பார்த்தால் காலநிலை. ஆனாலும் ஒரு வாரம் குளிரடித்ததும் "காலநிலை மாறிவிட்டது" என்று விடைத்தாளில் எழுதுவது நிற்கவில்லை.

அதைவிடப் பெரிய குழப்பம் ஈரப்பதத்தில். ஒப்பு ஈரப்பதம் என்பது நீராவியின் அளவு அன்று, ஒரு விகிதம். அந்த வெப்பநிலையில் இருக்கக்கூடிய உச்ச அளவில் எத்தனை விழுக்காடு இப்போது இருக்கிறது என்பதே அது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியோடு பூரித நிலையை, அதாவது அந்த உச்ச அளவை, எட்டும். 30 டிகிரியில் அதற்கு 30 கிராம் வேண்டும். ஆகவே விடியற்காலையில் 20 டிகிரியில் 100 விழுக்காடாக இருந்த காற்று, பிற்பகலில் 30 டிகிரிக்குச் சூடானதும் சுமார் 55 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். நீராவி எங்கும் போகவில்லை. வகுக்கும் எண்தான் பெரிதாகிவிட்டது. விடியலில் 100 என்று பதிவானால் பனியோ மூடுபனியோ இருக்கலாம், வானம் தெளிவாகவும் இருக்கலாம். மழைக்குக் காற்று மேலெழுந்து குளிர வேண்டும். தரையில் எடுத்த ஓர் அளவு அதைச் சொல்லாது.

உண்மையில் எவ்வளவு நீராவி உண்டு என்று அறியப் பனிப்புள்ளியைப் பாருங்கள். அழுத்தம் மாறாமல் காற்றைக் குளிர்வித்தால் எந்த வெப்பநிலையில் பூரிதமாகிறதோ அதுவே பனிப்புள்ளி. வேறு காற்று வந்து கலக்காதவரை, பகலில் வெப்பநிலை ஏறினாலும் இது பெரிதாக அசையாது.

ஈரப்பதத்தை அளக்க இரண்டு வெப்பமானிகள் போதும்: சாதாரண உலர்குமிழ், குமிழில் ஈரத்துணி சுற்றிய ஈரக்குமிழ். இரண்டும் காட்டும் வெப்பநிலைகளுக்கு இடைவெளி கூடினால் காற்று வறண்டது. சமமாக இருந்தால் 100. ஈரக்குமிழின் துணி காய்ந்தாலோ அழுக்கும் உப்பும் படிந்தாலோ நீர் சரியாக ஆவியாகாது. குமிழ் போதிய அளவு குளிராது, ஈரப்பதம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். காய்ச்சி வடித்த நீரையே ஊற்றி, துணியை அடிக்கடி மாற்ற வேண்டும்.

மழையளவில் 1 மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள மழைமானியில் 10 மில்லிமீட்டர் மழைக்குச் சேர்வது 314 மில்லிலிட்டர். அந்த மானிக்கு உரிய அளவுகுவளை உடைந்துபோய் வேறு விட்டத்துக்கானதை வைத்தால் பதிவு முழுதும் பிழை. சாதாரணக் குவளைதான் கையில் என்றால், மில்லிலிட்டரை 31.4 ஆல் வகுத்துக்கொள்ளலாம்.

காற்றின் பெயர் அது வரும் திசையைக் குறிக்கும். இதில் தமிழ் மாணவருக்குக் குழப்பமே வரக்கூடாது: தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல். வானிலை வரைபடத்திலும் இதே வழக்கம்தான். காற்றைக் காட்டும் குறியின் தண்டு வானிலை நிலையத்தின் புள்ளியிலிருந்து காற்று வரும் பக்கமாக நீளும். அதன் வெளிமுனையில் ஒரு முழு இறகு 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்), அரை இறகு 5 நாட்.