பந்தே இல்லாத டென்னிஸ், மறுநாள் தூக்க முடியாத கை

பொங்கல் விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகனுக்குப் பத்து வயது. டிவி முன்னால் நின்று, கைக்குள் அடங்கும் ஒரு கன்ட்ரோலரை வீசி வீசி டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தான். "மாமா, வாங்க" என்று இன்னொன்றை என் கையில் திணித்தான். தீப்பெட்டி மாதிரி லேசாக இருந்தது. இதில் என்ன இருக்கிறது என்று ஆரம்பித்தேன்.

நாற்பது நிமிடம் ஆடியிருப்பேன். ஒவ்வொரு பந்துக்கும் தோளைப் பின்னால் இழுத்து முழு வீச்சாக வீசினேன். அவனோ இரண்டாவது ஆட்டத்திலேயே சோபாவில் சாய்ந்துவிட்டான். ஒரு கையில் முறுக்கு, இன்னொரு கையில் மணிக்கட்டை மட்டும் ஒரு வெட்டு. எல்லா ஆட்டத்திலும் அவன்தான் ஜெயித்தான். "இவ்ளோ வேகமா வீச வேணாம் மாமா, லேசா ஆட்டினாலே போதும்" என்று கடைசியில் இரக்கப்பட்டுச் சொன்னான்.

மறுநாள் காலை தலை வாரக் கையைத் தூக்கினால், சீப்பு காதுக்கு மேலே போகவில்லை. நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். தினமும் நாலு பேருடைய தோள்பட்டையைத் தூக்கிப் பார்ப்பவன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வலிக்கு மருத்துவ இதழ்களில் பெயரே உண்டு. 2006 கடைசியில் நின்டெண்டோ நிறுவனத்தின் 'வீ' வந்தது, இதே மாதிரி டிவி முன்னால் கையை வீசி ஆடும் வீடியோ கேம் கருவி (கன்சோல்). அடுத்த வருடமே நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஸ்பெயினிலிருந்து ஒரு மருத்துவர் கடிதம் எழுதினார். 29 வயது ஆள், ஞாயிற்றுக்கிழமை காலை கடுமையான வலது தோள் வலியோடு எழுந்திருக்கிறார். அடி எதுவும் பட்டதாக நினைவில்லை, விளையாட்டு எதிலும் இறங்கவில்லை என்கிறார். துருவிக் கேட்டபோதுதான் தெரிகிறது, புதிதாக வாங்கிய வீயில் மணிக்கணக்காக டென்னிஸ் ஆடியிருக்கிறார். 'வீ-ஐட்டிஸ்' என்று பெயர் வைத்தார்கள் ('ஐட்டிஸ்' என்றால் அழற்சி). ஒரு வாரம் வலி மாத்திரை, கன்சோலைத் தொடக் கூடாது. அதுதான் சிகிச்சை.

அந்தக் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது 'விளையாட்டு எதிலும் இறங்கவில்லை' என்ற பதில்தான். என் கிளினிக்கிலும் அதே பதில்தான் காதில் விழுகிறது. கோடை விடுமுறையில் ஒரு அம்மா வந்தார், அறுபதைத் தாண்டியவர். தோளையும் முழங்காலையும் காட்டினார். "எங்கேயாவது விழுந்தீங்களாம்மா? குடம், சிலிண்டர் ஏதாவது தூக்கினீங்களா?" "இல்ல தம்பி, நான் வீட்டைவிட்டே நகரலை." கூட வந்த பேத்திதான் போட்டுக்கொடுத்தாள்: "பாட்டி ரெண்டு நாளா டிவி கேம்ல பந்தை உருட்டிக் கட்டையைச் சாய்க்கிற பௌலிங் ஆடுறாங்க. என்னைவிட ஸ்கோர் அதிகம்." அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வீட்டுக்குள் டிவி முன்னால் நடப்பது உடம்புக்கு வேலை என்று அவர் நினைத்தே பார்க்கவில்லை.

ஐம்பது கிராம் கருவிக்கு ஏன் இவ்வளவு வலி? எடை பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நிஜ டென்னிஸில் அடியின் பலம் காலிலிருந்து கிளம்புகிறது. தரையை உதைத்து, இடுப்பைத் திருப்பி, அந்தத் திருப்பம் தோள் வழியாகக் கைக்கு வருகிறது. வீடியோ கேம் டென்னிஸில் பந்தை நோக்கி ஓடும் வேலையைத் திரையில் இருக்கும் பொம்மையே பார்த்துக்கொள்கிறது. வீயோடு வந்த 'வீ ஸ்போர்ட்ஸ்' டென்னிஸிலேயே அப்படித்தான். ஆக உங்கள் கால் நட்டுவைத்த கம்பம் மாதிரி நிற்கிறது, மொத்த வேலையும் தோள் தலையில் விழுகிறது.

வீசிய கையை நிறுத்தவும் ஆள் வேண்டும். தோள்பட்டை எலும்பின் பின்பக்கத்தில் இன்ஃப்ராஸ்பினேட்டஸ் என்றொரு தசை இருக்கிறது. முன்னால் பறக்கும் கையைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்துவதில் அதற்குப் பெரிய பங்கு. நீண்டுகொண்டே பிரேக் போடும் வேலை அது. பழக்கமில்லாத தசைக்கு அந்த மாதிரி வேலை கொடுத்தால் வலி அப்போது தெரியாது. ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள்தான் உச்சத்துக்கு வரும். இன்னொன்று, நிஜ டென்னிஸில் ஒரு பாயின்ட் முடிந்தால் அடுத்த சர்வ் வரைக்கும் 25 விநாடி வரை கிடைக்கும். பந்தை யாராவது போய்ப் பொறுக்க வேண்டும். இங்கே பந்துக்குக் களைப்பே கிடையாது, உடனே திரும்பி வந்துவிடும்.

இத்தனைக்கும் அந்த முழு வீச்சைக் கருவி கேட்கவே இல்லை. உள்ளே இருக்கும் சென்சாருக்குக் கை எவ்வளவு தூரம் போனது என்பது பொருட்டல்ல. எவ்வளவு சடாரென்று வேகம் மாறியது, எந்தப் பக்கம் திரும்பியது என்பதுதான் கணக்கு. முறுக்குத் தின்றுகொண்டே ஜெயித்தவனுக்கு இது அனுபவத்தில் தெரிந்திருக்கிறது. எனக்குப் படித்தும் தெரியவில்லை.

அதற்காக எல்லோரும் சோபாவில் உட்கார்ந்து மணிக்கட்டை ஆட்டுங்கள் என்று சொல்ல மாட்டேன். அப்படி ஆடினால் உடற்பயிற்சி என்ற பேச்சுக்கே இடமில்லை, மணிக்கட்டு தனியாக நோக ஆரம்பிக்கும். எழுந்து நின்று ஆடினால் உட்கார்ந்து ஆடும் கேமைவிடக் கூடுதலாகச் சக்தி செலவாகிறது என்பதை 2007-இல் லிவர்பூல் ஆய்வாளர்கள் பதின்வயதுப் பிள்ளைகளிடம் அளந்து காட்டினார்கள். குறைந்தது 51 சதவீதம் அதிகம். ஆனால் அதே விளையாட்டை மைதானத்தில் ஆடும் அளவுக்கு வரவில்லை என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். மழை நாளுக்குச் சரி, மைதானத்துக்கு மாற்று இல்லை.

முதல் நாள் பதினைந்து நிமிடத்தோடு நிறுத்துங்கள். இன்னும் ஒரு ஆட்டம் என்று தோன்றும்போதே நிறுத்த வேண்டும். கை வலித்த பிறகு நிறுத்தினால் அது தாமதம். ஆடுவதற்கு முன் தோளை நாலு சுற்று சுற்றுங்கள், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கையை மாற்றிக்கொள்ளுங்கள். இடது கையில் ஆடினால் தோற்பீர்கள், பரவாயில்லை.

அப்புறம் நம் வீட்டு ஹால். ஃபேன் தலைக்கு மேலேயே சுற்றும், டீப்பாய் முழங்காலுக்கு நேரே இருக்கும். சர்வ் போடக் கையை உயர்த்துபவர் கண் திரையில்தான் இருக்கும், றெக்கையைப் பார்க்க மாட்டார். மின்விசிறிக்கு நேர் கீழே நிற்காதீர்கள். கன்ட்ரோலரில் தொங்கும் கயிற்றை அலங்காரம் என்று நினைத்துக் கழற்றியும் வைக்காதீர்கள். வீ வந்த புதிதில் ஆட்டத்தின் வேகத்தில் கன்ட்ரோலர் கையிலிருந்து பறந்து டிவியில் மோதிய கதைகள் ஏராளம். 2006 டிசம்பரிலேயே அந்தக் கயிற்றின் தடிமனை 0.6 மில்லிமீட்டரிலிருந்து 1 மில்லிமீட்டராகக் கூட்டி, சுமார் 32 லட்சம் கயிறுகளை மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவிக்க வேண்டியிருந்தது. ஏறி நின்று ஆடும் பேலன்ஸ் பலகையும் அப்படித்தான். அதிலிருந்து தடுமாறி விழுந்து பாத எலும்பு முறிந்த 14 வயதுப் பெண்ணின் எக்ஸ்ரே 2010-இல் அதே அமெரிக்க இதழில் வந்தது. சின்னப் பெண்ணுக்கே அந்தக் கதி. தாத்தா பாட்டியை அதில் ஏற்றுவதென்றால் பக்கத்தில் ஒருவர் நில்லுங்கள், பிடித்துக்கொள்ள நாற்காலியும் இருக்கட்டும்.

வலி வந்துவிட்டால் பெரும்பாலும் ஓய்வே போதும், நாலைந்து நாளில் இறங்கிவிடும். கையை உடம்போடு ஒட்டிவைத்தபடியே வாரக்கணக்கில் இருக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். சுளுக்கு எடுக்கிறேன் என்று வெடுக்கென்று இழுப்பவரிடமும் வேண்டாம். அந்தப் பக்கம் படுத்தால் ராத்திரி தூக்கம் கெடுகிறது, அல்லது மற்றவர் தூக்கினால் மேலே போகிற கை தானாகப் போகவில்லை என்றால் காட்டிவிடுங்கள். கை வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் கேமைக் குற்றம் சொல்லிக்கொண்டு உட்காராமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

பக்கவாதம் வந்தவர்களின் பிள்ளைகளும் இந்தக் கன்சோலைப் பற்றிக் கேட்கிறார்கள். வெளிநாட்டில் இதை வைத்தே கையைச் சரிசெய்கிறார்களாமே என்று போன மாதம் ஒருவர், அப்பாவுக்காகக் கடன் வாங்கியாவது வாங்கத் தயாராக வந்தார். அவர் கேள்விப்பட்டதில் தவறில்லை. கனடா, அர்ஜென்டினா, பெரு, தாய்லாந்து நாடுகளில் 141 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. ஒரு பாதிக்கு வீ. மறுபாதிக்குச் சீட்டு, பிங்கோ, பந்து மாதிரி சாதாரண விளையாட்டுகள். இரண்டு குழுவினருக்குமே கை தேறியது. வீ ஆடியவர்களுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை.

அதை அவரிடம் சொல்லிவிட்டு, "அப்பாவுக்குச் சீட்டு ஆடத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"ரம்மின்னா உயிர் சார்."

இப்போது வாரம் மூன்று நாள் அந்தப் பெரியவர் வருகிறார். பயிற்சி முடிந்ததும் இருபது நிமிடம் ரம்மி. பலவீனமான வலது கையால்தான் சீட்டை எடுக்க வேண்டும், இறக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. நான் பார்க்காதபோது இடது கையால் எடுத்துவிடுகிறார்.