அன்லொக் போன்: பூட்டில்லாததா, பூட்டு நீக்கியதா?

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று எந்த டவுனில் போன் கடைக்குள் நுழைந்தாலும், கண்ணாடி அலுமாரியில் வரிசையாக இருக்கும் பாவித்த போன்களில் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருக்கும். போனின் பெயர், எத்தனை ஜிபி, விலை, அதற்குக் கீழே "அன்லொக்". கேட்டால், "எந்த சிம்மும் போடலாம் தம்பி, ஒரு பிரச்சினையும் இல்ல" என்பார் கடைக்காரர். அந்தப் பதிலின் முதல் பாதி பெரும்பாலும் சரி. இரண்டாவது பாதிதான் இழுபடும்.

அன்லொக் என்ற சொல் இந்த இடத்தில் ஒரே ஒரு பூட்டைப் பற்றியது: சிம் பூட்டு. போனை விற்ற தொலைபேசிக் கம்பனி, தன் சிம்மைத் தவிர வேறு சிம் அதில் வேலை செய்யாதபடி மென்பொருளில் போட்டு வைக்கும் தடை அது. ஒவ்வொரு சிம்முக்குள்ளும் ஓர் அடையாள எண் இருக்கிறது. அதன் முதல் மூன்று இலக்கம் நாடு, இலங்கைக்கு 413. அடுத்த இரண்டும் கம்பனி: 01 மொபிடெல், 02 டயலொக், 08 ஹட்ச். பூட்டிய போன் சிம்மைப் போட்டவுடன் இந்த இலக்கங்களைப் படிக்கும். தனக்குச் சொல்லி வைத்த எண்ணோடு ஒத்துப்போனால் விடும். இல்லையென்றால் அன்ட்ரொயிட் போன் பூட்டு நீக்கும் குறியெண்ணைக் கேட்கும், ஐபோன் இந்த சிம் செல்லாது என்று சொல்லிவிடும். குறியெண்ணைக் குத்துமதிப்பாகப் போட்டுப் பார்க்க வேண்டாம். சில தடவை தவறினால் பிறகு சரியான எண்ணைக்கூட ஏற்காது.

திரைப் பூட்டு, கூகிள் கணக்குப் பூட்டு, ஐகிளவுட் பூட்டு எல்லாம் வேறு சாதி. கடையில் "லொக் உடைச்சுத் தரலாம்" என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போடுவதால் வாங்குபவர் குழம்புகிறார். ஐகிளவுட் பூட்டு விழுந்த, அதாவது பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கில் சிக்கி நிற்கும் ஐபோனை யாராவது "அன்லொக் பண்ணலாம்" என்று தள்ளினால், அது களவுப் போனாக இருக்கலாம் என்று நினைத்து விலகுவதே நல்லது.

இனி சொல்லின் வேர். ஆங்கில லொக், பழைய ஆங்கிலத்தில் கதவின் தாழையும் அடைத்து வைக்கும் பட்டியையும் குறித்த சொல். ஜெர்மன் மொழியில் துளைக்கு வழங்கும் லொஃக் என்பதும் அதன் உறவுக்காரச் சொல்தான். நமக்குச் சுவாரசியமானது முன்னால் ஒட்டியிருக்கும் அன். ஆங்கிலத்தில் அன் என்பது ஒன்றல்ல, இரண்டு. ஒன்று வெறும் இன்மையைச் சொல்வது. இன்னொன்று செய்ததைத் திருப்பிச் செய்வது. கட்டியதை அவிழ்ப்பது போல. பழைய ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு முன்னொட்டுகளாக இருந்து, காலப்போக்கில் ஒரே ஒலியாகிவிட்டன. ஆக, அன்லொக்ட் போன் என்றால் பூட்டே போடாமல் தொழிற்சாலையிலிருந்து வந்த போனாகவும் இருக்கலாம், பூட்டிப் பிறகு அவிழ்த்த போனாகவும் இருக்கலாம். அந்தச் சின்னத் தாளில் ஒட்டிய ஒரு சொல் இந்த இரண்டையும் மூடி மறைத்துவிடுகிறது. விலையிலும் வேலையிலும் இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் உண்டு.

தமிழில் இந்தக் குழப்பம் வராமல் பார்த்துக்கொள்ளலாம். பூட்டு என்பது பூண் என்ற வினையின் பிறவினை. காண் காட்டு ஆவது போல, உண் ஊட்டு ஆவது போல, பூண் பூட்டு ஆகிறது. ஏர் பூட்டுவது, வண்டி பூட்டுவது, வில்லில் நாண் பூட்டுவது எல்லாம் இதே சொல்தான். ஒன்றை இன்னொன்றோடு பிணைப்பது என்பதே அடிப்படைப் பொருள். கதவை மூடுவது அதற்குப் பின்னால் வந்தது. அந்தப் பழைய பொருள் சிம் பூட்டுக்கு அச்சாகப் பொருந்துகிறது, ஏனென்றால் சிம் பூட்டு எதையும் மூடுவதில்லை. போனை ஒரு கம்பனியோடு பிணைக்கிறது. சாவி மட்டும் போர்த்துக்கீசர் தந்த சொல், சாவே என்பதிலிருந்து வந்தது. லயத்தில் அறைக்கு நாம் சொல்லும் காம்பிராவும், மேலே சொன்ன அலுமாரியும் அதே கப்பலில் வந்தவை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் சாவியைத் திறப்பு என்பார்கள். நல்ல தமிழ்தான், மலையகத்தில் ஏனோ ஒட்டவில்லை.

அன்லொக்ட் என்பதற்கு "திறக்கப்பட்ட கைபேசி" என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் ஊர்க் கடைகளில் "ஓப்பன் பண்ணாத செட்" என்றால் ரிப்பேருக்குக் கழற்றாத போன் என்று அர்த்தம். திறந்த போன் என்று சொன்னால் யாரும் வாங்க மாட்டார்கள். எனவே பிறவியிலேயே பூட்டில்லாததைப் பூட்டில்லாத் திறன்பேசி என்றும், பிறகு விடுவித்ததைப் பூட்டு நீக்கிய திறன்பேசி என்றும் சொல்லலாம். பேச்சில் "பூட்டில்லாத போன், பூட்டு நீக்கின போன்" போதும். செய்தித்தாள்கள் எழுதும் கையடக்கத் தொலைபேசி என்பதை இத்தோடு சேர்த்தால் வாசித்து முடிக்க மூச்சு வாங்கும்.

சரி, கம்பனி ஏன் பூட்ட வேண்டும்? அமெரிக்கா போன்ற நாடுகளில் கம்பனியே போனைக் கடனுக்குக் கொடுக்கிறது. மாதா மாதம் பில்லோடு தவணை கட்ட வேண்டும். கடன் முடியும் முன் வாடிக்கையாளர் வேறு கம்பனிக்குப் போய்விடாமல் இருக்கத்தான் பூட்டு. மலையகத்துக்காரருக்கு இந்தக் கணக்கை விளங்கப்படுத்த அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. பெரியவர்கள் சொல்லிக் கேட்ட துண்டு முறை இதேதான். தொழிலாளியின் பேரில் கடன் எழுதியிருக்கும். அதை இன்னொரு தோட்டம் கட்டினால் ஆளை விடுவிக்கிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குப் பெயர் துண்டு. அது இல்லாமல் வேறு தோட்டத்தில் பெயர் பதிய முடியாது. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். மனிதரைக் கட்டி வைத்ததையும் ஒரு கருவியைக் கட்டி வைப்பதையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை. கடன் தீர்ந்தால்தான் விடுதலை என்ற ஏற்பாடு மட்டும் ஒன்று.

போன் பூட்டையும் சில நாடுகள் சட்டத்தால் நிறுத்திவிட்டன. கனடாவில் 2017 டிசம்பரிலிருந்தும், ஜப்பானில் 2021 ஒக்டோபரிலிருந்தும், பிரித்தானியாவில் 2021 டிசம்பரிலிருந்தும் பூட்டிய போன் விற்கக்கூடாது. அதற்கு முன் விற்ற பழைய போன்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். இலங்கையில் புதிய போனைக் கம்பனியோடு பூட்டி விற்கும் வழக்கம் பரவலாக இல்லை. இங்கே மக்கள் பூட்டைச் சந்தித்தது முதலில் இன்டர்நெட் டொங்கிளிலும், பிறகு வீட்டு ரவுட்டரிலும், வெளிநாட்டிலிருந்து வரும் பாவித்த போன்களிலும்தான். இந்தியாவுக்குப் போனவர்கள் மலிவாக இருக்கிறதே என்று வாங்கி வந்த ஜியோபோன் இன்னொரு வகை. 2017இல் வந்த அந்தப் பட்டன் போன் ஜியோ சிம்மைத் தவிர வேறொன்றையும் ஏற்காது.

அடுத்த சொல் கேரியர். ஐபோன் அமைப்புகளுக்குள் போனால் இது கண்ணில் படும். சைக்கிளின் பின்னால் இருப்பதும், சோறு கொண்டுபோகும் அடுக்குப் பாத்திரமும் நமக்குத் தெரிந்த கேரியர்கள்; எல்லாமே சுமப்பவை. தொலைபேசி விஷயத்தில் அது நம் குரலையும் தரவையும் சுமக்கும் கம்பனி. சேவை வழங்குநர் என்பது அரச கடிதத் தமிழ். வலையமைப்பு என்றால் எளிது. நடைமுறையில் எல்லோரும் நெட்வேர்க் என்றுதான் சொல்கிறோம். ஒரு போன் ஒரு நெட்வேர்க்கில் முழுதாக வேலை செய்யுமா என்று பார்ப்பதை வலையமைப்புப் பொருத்தம் எனலாம். ஒத்தியல்பு, இணக்கம் என்றும் எழுதுகிறார்கள். ஆனால் பொருத்தம் பார்ப்பது என்றால் ஆச்சிக்கும் புரியும்.

பூட்டு இல்லை என்பதும் பொருத்தம் உண்டு என்பதும் இரண்டு வேறு விஷயம். கடைக்காரர் சொல்லும் "ஒரு பிரச்சினையும் இல்ல" உடைவது இங்கேதான். கோபுரத்திலிருந்து வரும் எந்த அலைப்பட்டைகளை (பாண்ட்) போன் பிடிக்கும் என்பது அதன் வன்பொருளில் இருக்கிறது. எந்தக் குறியெண் போட்டாலும் அது மாறாது. இலங்கையில் போன்களுக்கான 4ஜி 2013இல் 1800 மெகாஹெர்ட்ஸில் தொடங்கியது. பட்டியல்களில் அதற்கு பாண்ட் 3 என்று பெயர். 900 என்றால் பாண்ட் 8, 2100 என்றால் பாண்ட் 1. குறைந்த மெகாஹெர்ட்ஸ் அலை நீளமானது, தூரம் போகும், மலை மடிப்புகளைக் கொஞ்சம் வளைந்தும் தாண்டும். மேட்டில் கோபுரமும் பள்ளத்தில் லயமும் இருக்கும் ஊரில் இது சின்ன விஷயமல்ல. விலை கூடிய ஐபோன், கலெக்ஸி வகைகளில் இந்தப் பட்டைகள் எல்லாம் இருக்கும். அமெரிக்காவில் மலிவாக விற்கும் பிரீபெய்ட் போன்களில்தான் அந்த நாட்டு 600, 700 மெகாஹெர்ட்ஸ் பட்டைகள் நிறைந்திருந்து, நமக்கு வேண்டிய ஒன்றிரண்டு இல்லாமல் போகும். எந்த மொடல் என்று தேடி, பாண்ட் பட்டியலில் 1, 3, 8 மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இன்னொரு குழி வோல்டீ. 4ஜி வழியாகவே குரல் அழைப்பு போகும் முறை அது. இதற்கு போனும் கம்பனியும் ஒன்றையொன்று அங்கீகரித்திருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத போன், கோல் வந்தவுடன் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிவிடும். 3ஜி உலகமெங்கும் நிறுத்தப்பட்டு வருகிறது, இலங்கையும் விலக்கல்ல. கொரியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரும் பாவித்த செம்சங் போன்களில் இந்தக் கோளாறு சில வேளை காணப்படும். மொடல் எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள். கலெக்ஸி எஸ்23ஐ எடுத்துக்கொண்டால், எண் ‘பி’ என்று முடிந்தால் பன்னாட்டு வகை, ‘என்’ கொரியா, ‘யூ’ அமெரிக்கக் கம்பனிகளுடையது, ‘யூ1’ அமெரிக்காவில் பூட்டில்லாமல் விற்றது. அந்த யூ1 நூற்றுக்கு நூறு அன்லொக். ஆனாலும் நம் நெட்வேர்க்கில் வோல்டீ வருமா என்று தனியாகப் பார்க்கத்தான் வேண்டும். கொரியா போனில் கெமராச் சத்தத்தை அணைக்க முடியாமல் போகலாம், அது அதிகப்படி இலவசம்.

குவைத்துக்கோ கட்டாருக்கோ போயிருக்கும் அக்காவிடம் ஐபோன் கேட்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2025இல் வந்த ஐபோன் 17 வரிசையை குவைத், கட்டார், சவூதி, ஓமான், பஹ்ரேன், அமீரகம் ஆகிய நாடுகளில் சிம் தட்டே இல்லாமல் விற்கிறார்கள். அமெரிக்காவில் ஐபோன் 14இலிருந்தே அப்படித்தான். பூட்டு இல்லாவிட்டாலும் சிம் போட இடம் இருக்காது. போனுக்குள்ளேயே பதிந்து வைக்கும் இசிம்தான் எடுக்க வேண்டும். அதற்குக் கம்பனியின் சேவை நிலையம்வரை ஒரு நடை போக வேண்டிவரலாம். பெட்டியை அனுப்பச் சொல்வதற்கு முன் உங்கள் கம்பனி இசிம் தருகிறதா என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம் ஆர்சிம். பூட்டிய ஐபோனில் நம் சிம்மின் மேல் தாள் போல மெல்லிய ஒரு சில்லை ஒட்டி, இது அந்தக் கம்பனி சிம்தான் என்று போனை நம்ப வைக்கும் வித்தை. இதையும் அன்லொக் என்றே விற்கிறார்கள். பூட்டு அப்படியே இருக்கிறது என்பதால் இது பூட்டு நீக்கியதிலும் சேராது. மென்பொருளைப் புதுப்பித்த அடுத்த நாளே சிக்னல் போய்விடலாம். கண்டுபிடிப்பது சுலபம்: தட்டை வெளியே இழுத்தால் சிம்மோடு ஒட்டிய, செப்புக் கோடுகள் ஓடும் மெல்லிய படலம் தெரியும். கடைக்காரர் முன்பே கழற்றி வைத்திருந்தால், அமைப்புகளில் பொது, அதற்குள் போனைப் பற்றி என்ற பக்கத்துக்குப் போய், கேரியர் லொக் என்ற வரியைப் பாருங்கள். சிம் கட்டுப்பாடுகள் இல்லை என்ற வாசகம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். வேறு எது இருந்தாலும் அது பூட்டிய போன்.

என்னைக் கேட்டால், பாவித்த போன் வாங்கும்போது இரண்டு சிம் போடும் பன்னாட்டு வகையைத் தேடுவதே மேல். கெமராவில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. வீட்டில் எந்த சிம்முக்குச் சிக்னல் வரும் என்பது பக்கத்துக் காம்பிராக்காரர்களுக்குத் தெரியும், முதலில் அதைக் கேளுங்கள். கடைக்கு அந்த சிம்மையே கொண்டுபோங்கள். போட்டு ஒரு கோல் எடுத்து, பேசிக்கொண்டிருக்கும்போதே திரையின் மேல்மூலையில் 4ஜி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் வோல்டீ வேலை செய்கிறது. பிறகு *#06# அழுத்தி வரும் 15 இலக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்; அதுதான் ஐஎம்இஐ, போனின் அடையாள எண். ஆங்கில எழுத்தில் ஐஎம்இஐ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் அடித்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அது பதிந்த போனா என்று பதில் வரும். கடைகளில் "டிஆர்சி இருக்கு" என்பது இதைத்தான். பெட்டியில் ஸ்டிக்கர் இருந்தாலும் எஸ்எம்எஸ்ஸை விட வேண்டாம், ஸ்டிக்கர் அச்சடிப்பது பெரிய வேலையல்ல.

காசு கொடுக்கும்போது பில்லில் வெறும் அன்லொக் என்று எழுத விடாதீர்கள். "அண்ணே, பூட்டில்லாததா பூட்டு நீக்கினதா என்று எழுதுங்க" என்று கேளுங்கள். அதோடு ஐஎம்இஐ எண்ணும், எந்தெந்தக் கம்பனி சிம் போட்டுப் பார்த்தது என்பதும், வேலை செய்யாவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பி எடுப்பார்கள் என்பதும் பில்லில் இருக்கட்டும்.