அந்த நான்கெழுத்துக்கு எந்த ராஜாவும் அனுமதி தரவில்லை

போன வாரம் நேர்முகத் தேர்வுப் பயிற்சியில் ஒரு பையன், கேள்வி புரியாத பதற்றத்தில் "ஃபக்" என்றான். கண்டித்ததும் மொபைலை நீட்டினான். "மேடம், இது கெட்ட வார்த்தையே இல்ல. ராஜா குடுத்த பர்மிஷன். பாருங்க!" மறுபடியும் அதே வாட்ஸ்அப் கதை. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

பழைய இங்கிலாந்தில் பிள்ளை பெற அரசனிடம் அனுமதி வாங்க வேண்டுமாம். "ஃபார்னிகேஷன் அண்டர் கன்சென்ட் ஆஃப் தி கிங்" என்று வாசலில் பலகை மாட்டுவார்களாம். அதன் முதலெழுத்துகள்தான் இந்தச் சொல்லாம். பொய். அப்படி ஒரு சட்டமும் இல்லை, பலகையும் இல்லை. கொஞ்சம் யோசியுங்கள். 'ஃபார்னிகேஷன்' என்றால் திருமணம் ஆகாதவர்களின் உறவு. புருஷன் பெண்டாட்டி வாழும் வீட்டு வாசலில் அதை ஏன் எழுதி மாட்டுவார்கள்? அந்தக் காலத்துச் சட்ட ஆவணங்கள் பெரும்பாலும் லத்தீனிலும் பிரெஞ்சிலும் இருந்தன. ஆங்கில முதலெழுத்து எங்கிருந்து வரும்? முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் செய்வது 'ரேடார்', 'லேசர்' காலத்துப் பழக்கம். 20ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் அது மிக அபூர்வம்.

இது ஜெர்மானியக் குடும்பத்துச் சொல். டச்சு மொழியில் 'ஃபொக்கன்' என்றால் இன்றும் கால்நடைகளை இனப்பெருக்கம் செய்வது. ஜான் ஃப்ளோரியோவின் 1598ஆம் ஆண்டு இத்தாலிய - ஆங்கில அகராதியிலேயே நம் சொல் இருக்கிறது. 1755இல் சாமுவேல் ஜான்சன் தன் புகழ்பெற்ற ஆங்கில அகராதியில் இதைச் சேர்க்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதி 1972இல்தான், அதுவும் பிற்சேர்க்கையில், இடம் கொடுத்தது. அகராதியில் தேடியவர்களுக்கு அத்தனை காலம் பதில் கிடைக்காததால்தான் இப்படிப்பட்ட கதைகள் பரவின என்பது என் எண்ணம்.

சீரிஸ் பார்த்து வளரும் நம் பிள்ளைகள் இதை 'ஐயோ', 'சே' மாதிரி நினைக்கிறார்கள். பிரிட்டனில் இரவு 9 மணிக்கு முன் தொலைக்காட்சியில் இந்தச் சொல்லை ஒலிபரப்பக் கூடாது. அப்பா அம்மா முன்னால் தமிழில் சொல்ல நாக்கூசும் சொல் ஒன்று உங்களுக்குத் தெரியும் அல்லவா? ஆங்கிலேயர்களுக்கு இது அப்படித்தான்.

மெயிலில் வேண்டாம், மீட்டிங்கில் வேண்டாம். 'வாட் தி ஃபக்' என்பதை 'டபிள்யூடிஎஃப்' என்று சுருக்கினாலும் அந்த எஃப் இதே எஃப்தான். அதை மேலாளருக்கு அனுப்பிவிட்டு, "ஆச்சரியக்குறி மாதிரின்னு நெனச்சேன் மேடம்" என்று என் எதிரில் உட்கார்ந்து அழுத பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. அர்த்தம் தெரியாத சுருக்கத்தைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள், கண்ணுகளா.

அந்தப் பையனுக்கு வியாழக்கிழமை நிஜத் தேர்வு. கேள்வி புரியாவிட்டால் "சாரி, குட் யூ ரிபீட் தட், ப்ளீஸ்?" என்று கேட்க, பத்துத் தடவை சொல்ல வைத்து அனுப்பியிருக்கிறேன்.