நெட் ஜீரோ கணக்கு: சந்தா வாங்கும் சங்கத்துக்கும் வேலை இருக்கிறது

கார்பன் கணக்குக்கு உதவி கேட்டு இந்த மாதத்தில் எனக்கு வந்த நான்காவது அழைப்பு இது. திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுக்கும் ஒரு சாயப்பட்டறை. முதலாளி இரவு ஒன்பதரைக்குப் போன் செய்தார். "சார், பையர் ஒரு எக்ஸெல் ஷீட் அனுப்பியிருக்காங்க. ஸ்கோப் ஒன், ஸ்கோப் டூன்னு கேக்கறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுக்கணுமாம்." அன்று புதன். (பையர் என்றால் துணி வாங்கும் நிறுவனம். ஸ்கோப் ஒன் என்பது பட்டறையிலேயே எரிக்கும் எரிபொருளின் கார்பன், ஸ்கோப் டூ வாங்கும் மின்சாரத்தின் கார்பன்.)

மறுநாள் போனேன். அலுவலகச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று: 'கார்பன் நியூட்ரல் நிறுவனம்'. யாரோ ஒருவரிடம் அறுபதாயிரம் கொடுத்து வாங்கியது. சான்றிதழ் கொடுத்தவர் பாய்லர் பக்கமே எட்டிப் பார்க்கவில்லையாம். ஒரு வருட விறகுச் சீட்டுகளைக் கேட்டேன். ஆறு மாதத்துக்குத்தான் இருந்தது, மீதி பழைய பேப்பரோடு போய்விட்டது. மதியம் சாப்பாட்டுக்கு மெஷின்களை நிறுத்தியபோது அழுத்தக் காற்று ஓடும் கம்ப்ரசர் லைனில் 'உஸ்ஸ்' என்ற சத்தம் தெளிவாகக் கேட்டது. 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று சுமார் 3 கிலோவாட்டைத் தின்னும். வருடத்துக்கு 8,000 மணி நேரம் ஓடினால் 24,000 யூனிட். நம் நாட்டு கிரிட் மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று போட்டால், கிட்டத்தட்ட 17 டன். அந்தச் சான்றிதழுக்கு நேர் கீழேதான் அந்தக் குழாய் ஓடுகிறது.

அந்த முதலாளி மேல் எனக்குக் கோபம் இல்லை. ஷேடு சரியாக வந்ததா, டெலிவரி போனதா என்பதிலேயே அவருக்குப் பொழுது போய்விடுகிறது. என் கோபம், இருபது வருடமாக அவரிடம் சந்தா வாங்கும் சங்கத்தின் மேல்தான். மின்கட்டணம் ஏறினால் மனு கொடுக்கிறார்கள், நூல் விலை ஏறினால் போராடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒரே கேள்வித்தாள் முந்நூறு உறுப்பினர்களுக்கு வரும்போது, முந்நூறு பேரும் தனித்தனியாக இரவு ஒன்பதரைக்கு யாரையோ தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சங்க நிர்வாகிகளிடம் இதைச் சொன்னால் உடனே வரும் பதில்: "நம்ம ஆளுங்க கிட்டதான் காத்தாடி இருக்கே, நாம எப்பவோ நெட் ஜீரோ ஆயிட்டோம்." தயவுசெய்து இந்தப் பேச்சை விடுங்கள். நெட் ஜீரோ என்றால், வெளியே விடும் கார்பனைக் குறைத்து, மீதியை ஈடுகட்டிக் கணக்கைப் பூஜ்யமாக்குவது. காற்றாலை ஈடுகட்டுவது மின்சாரத்தை மட்டும். சாயப்பட்டறையில் பெரும்பங்கு எரிசக்தி வெப்பமாகப் போகிறது. சாயத் தண்ணீரைச் சூடாக்குவதற்கும், துணியை உலர்த்துவதற்கும், கழிவுநீரை ஆவியாக்குவதற்கும் எரிவது பாய்லரில் போடும் விறகும் நிலக்கரியும். காற்றாலை அதைத் தொடவே தொடாது. கரண்ட் போனால் ஓடும் டீசல் ஜெனரேட்டரையும் தொடாது. அடுத்தது, அந்தக் காற்றாலை மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றுக் காசு வாங்கிவிட்டால், அதை உங்கள் கணக்கில் காட்ட முடியாது. ஒரே யூனிட்டை இரண்டு பேர் எழுதக் கூடாது, அவ்வளவுதான். மூன்றாவது, காற்றாலை வைத்திருப்பவர்கள் பெரியவர்கள். பக்கத்துத் தெருவில் நான்கு விஞ்ச் (சாயமிடும் மெஷின்) வைத்திருப்பவருக்கு அது எப்படிப் பொருந்தும்? பையருக்கோ அவரும் நீங்களும் ஒரே சங்கிலிதான். உங்கள் ஸ்கோப் ஒன்னும் டூவும் அவர்களுடைய ஸ்கோப் த்ரீயில், அதாவது சப்ளை செய்பவர்கள் போன்ற மற்றவர்கள் வழியாக வரும் கார்பன் கணக்கில், சேரும்.

(விறகு எரிப்பவர்களுக்கு: விறகின் கார்பன் டை ஆக்சைடைக் கணக்கில் தனியாகக் காட்ட வேண்டும். "மரம்தானே" என்று விட்டுவிடக் கூடாது.)

சேர்ந்து செய்வது இந்த ஊருக்குப் புதிதா? 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே இருண்டது. கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாத 'ஜீரோ டிஸ்சார்ஜ்' ஏற்பாட்டைச் சிறு பட்டறை ஒன்று தனியாகக் கட்ட முடியுமா? பட்டறைகள் கூட்டாக நடத்திய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வழியாகத்தான் அது சாத்தியமானது. நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு கலக்காமலிருக்கச் செய்ததோடு ஒப்பிட்டால் கார்பன் கணக்கு எளிது.

கோவையில் இன்னொரு வழியும் இருக்கிறது. 1956-ல் தொடங்கிய சிட்ரா (தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம்), நூற்பாலைகளிடம் கணக்கு வாங்கி ஒப்பிட்டுச் சொல்லும் வேலையைப் பல காலமாகச் செய்கிறது. ஆலையின் பெயர் வெளியே வராது. ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட், அதாவது 'யூகேஜி', அடுத்த ஆலையைவிட உங்களுக்கு எவ்வளவு அதிகம் என்று தெரிந்துவிடும். ஒரு மேனேஜருக்குத் தூக்கம் போக அந்த ஒரு எண் போதும். சாயப்பட்டறைகளுக்கும் இதையே செய்யலாம்: ஒரு கிலோ துணிக்கு எத்தனை கிலோ நீராவி, எத்தனை யூனிட். "கணக்கு வெளியே போனா போட்டியாளருக்குத் தெரிஞ்சிடும்" என்பவர்களுக்கு இதுதான் பதில்.

சரி, சங்கம் என்ன செய்யலாம்? எல்லாப் பையருக்கும் பொருந்தும் ஒரே கணக்குப் படிவத்தைத் தமிழில் தயாரித்துக் கொடுங்கள். புகையில் ஆக்சிஜன் அளக்கும் கருவி, காற்றுக் கசிவு கண்டுபிடிக்கும் கருவி என்று ஒரு செட் வாங்கி உறுப்பினர்களுக்குச் சுற்றுக்கு விடுங்கள். கையொப்பமிடும் தணிக்கையாளரைச் சங்கமே பேசி, பத்துப் பட்டறைக்கு ஒரே விலையில் அனுப்புங்கள். சூரிய மின்சாரத்துக்குக் கூட்டு கேப்டிவ் முறை, அதாவது பலர் சேர்ந்து சொந்தத் தேவைக்கு ஒரு மின் நிலையம் வைக்கும் முறை, உண்டு: உறுப்பினர்கள் குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்து, உற்பத்தியில் 51 சதவீதத்தையாவது பயன்படுத்த வேண்டும். இதைச் சிறியவர்களால் தனியாகப் பேசி முடிக்க முடியாது, சங்கத்தால் முடியும். கடனுக்கு, 2025-ல் பி.இ.இ. (மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பு) தொடங்கிய 'அடீட்டி' திட்டத்தில் குறு, சிறு நிறுவனங்களுக்கு வட்டியில் 5 சதவீதமும் நடுத்தர நிறுவனங்களுக்கு 3 சதவீதமும் சலுகை உண்டு. உங்கள் பகுதி பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆளைப் போடுங்கள்.

முதலாளிகளுக்கு: பாய்லர் பார்க்காமல் சான்றிதழ் தருகிறவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். கண்டன்சேட்டை (நீராவி குளிர்ந்து கிடைக்கும் சூடான தண்ணீரை) சாக்கடையில் விடாமல் பாய்லருக்கே திருப்புங்கள், பாய்லருக்குள் போகும் தண்ணீர் 6 டிகிரி கூடினால் எரிபொருள் ஒரு சதவீதம் மிச்சம். கம்ப்ரசர் அழுத்தத்தைத் தேவைக்கு மேல் வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லா மெஷினும் நின்றபின் கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். அது லோடு எடுத்தால், அதாவது காற்றை அழுத்தி அனுப்பினால், அத்தனையும் கசிவு.

சங்கத்தின் அடுத்த மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று இதைக் கேளுங்கள். கேட்டால், எந்தச் சங்கமாக இருந்தாலும் ஒரு நாள் வந்து படிவத்தை உட்கார்ந்து நிரப்பிக் காட்டத் தயாராக இருக்கிறேன், கட்டணம் வேண்டாம். அதுவரை, விறகு லோடு வந்ததும் எடைமேடைச் சீட்டின் பின்னால் தேதியை எழுதி ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.