முகாமில் பெயர் எழுதினால் கோர்ஸ் கிடைத்துவிடாது

ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதிய பிள்ளைகளுக்குப் பிரதேச செயலகங்களில் தொழில் வழிகாட்டல் முகாம் வைப்பார்கள். காசு இல்லை. ரிசல்ட் வரும்வரை போனும் கையுமாக இருக்கிற பிள்ளைக்கு நல்லதுதான், அனுப்புங்கள். மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களத்து உத்தியோகத்தர் பேசுவார். தொழிற்பயிற்சி அதிகாரசபை, நைட்டா (தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை), தொழில்நுட்பக் கல்லூரி ஆட்கள் வந்தால் தங்கள் கோர்ஸ்களைச் சொல்லுவார்கள். முகாமைப் பற்றி இவ்வளவு போதும். அலைச்சல் அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

மண்டூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பையன் இப்படி ஒன்றுக்குப் போனான். படிவத்தில் பெயர், விலாசம், போன் நம்பர் எழுதி, விருப்பமான தொழில் என்ற இடத்தில் 'வயரிங்' என்று போட்டான். பனருக்கு முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். சோற்றுப் பார்சலோடு வீட்டுக்கு வந்து, "கோல் பண்ணுவாங்க அம்மா" என்றான். தாயும் நம்பியிருந்தார். நாலு மாதம் கழித்து, வாவியைக் கடக்கும் மிதவைப் பாதையேறிக் குருமண்வெளிக்கு வந்து, பஸ் பிடித்து டவுனுக்குப் போய்க் கேட்டால், "அப்ளிகேஷன் போட்டீங்களா? அது போன மாசமே முடிஞ்சுதே" என்றார்கள். அவன் நிரப்பிக் கொடுத்தது வரவுப் பதிவு. எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று மேலே அனுப்புகிற கணக்கு. அதை அன்றைக்கே ஒருவர் வாய் திறந்து சொல்லியிருந்தால் ஒரு பயிற்சித் தவணை வீணாகியிருக்காது.

ஆகவே முகாமை விட்டு வரமுன், பிடித்த கோர்ஸ் எந்த நிலையத்தில் நடக்கிறது, விண்ணப்பம் எப்போது எடுப்பார்கள் என்று கேட்டுக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். வந்த உத்தியோகத்தரின் போன் நம்பரும் வேண்டும். அவருக்குக் களவேலை நாட்கள் உண்டு. கேட்காமல் வெறுமனே வெல்லாவெளிப் பிரதேச செயலகத்துக்கோ திருக்கோவில் பிரதேச செயலகத்துக்கோ போனால் பூட்டிய மேசையைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

எந்த மொழியில் படிப்பிப்பார்கள் என்றும் கேளுங்கள். அம்பாறை மாவட்டத்தில் இது பெரிய பிரச்சினை. நோட்டீஸ் தமிழில் இருக்கும், வகுப்பு சிங்களத்தில் நடக்கும். "போகப் போக விளங்கும்" என்பார்கள். மோட்டார் திருத்துவது கையால் விளங்கலாம். எழுத்துப் பரீட்சை எப்படி விளங்கும்? சம்மாந்துறையிலோ மட்டக்களப்பு மஞ்சந்தொடுவாயிலோ உள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் அதே கோர்ஸ் தமிழில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

கவுண்டரில் அதிகம் காதில் விழும் வசனம் "ஓ.எல். ரிசல்ட்டோட வாங்க." எல்லாக் கோர்ஸுக்கும் அது தேவையில்லை. என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழில் 7 மட்டங்கள் உண்டு: 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமன். 3, 4ஆம் மட்டக் கைத்தொழில் கோர்ஸ்கள் பலவற்றுக்கு ஓ.எல். பாஸ் கேட்பதே இல்லை. என்ன தகுதி வேண்டும் என்று அந்தந்தக் கோர்ஸின் அறிவித்தலில் எழுதியிருக்கும். அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள்; வாய்ச்சொல்லை வைத்துத் திரும்பிவர வேண்டாம். பள்ளிக்கூடத்தை விட விருப்பமில்லாத பிள்ளைக்கு, 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியின் தொழிற்கல்விப் பிரிவு இருக்கிறது. அதற்கும் ஓ.எல். சித்தி வேண்டியதில்லை. ஆனால் தெரிவுசெய்த பாடசாலைகளில்தான் உண்டு. "எங்கட ஸ்கூல்ல இல்லை" என்று அதிபர் சொன்னால், எங்கே இருக்கிறது என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள்.

இனிப் பேப்பர்கள். பாடசாலை விடுகைப் பத்திரத்தை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். ரிசல்ட் நன்றாக வந்து ஏ.எல். படிக்க ஆசைப்பட்டால் அதிபரிடம் போய்க் கெஞ்ச வேண்டிவரும். எந்த ஒறிஜினலையும் எங்கேயும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டிவிட்டு, போட்டோ கொப்பியை மட்டும் கொடுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஒன்றில் 'தர்ஷினி', மற்றதில் 'தர்சினி' என்றிருந்த பிள்ளை ஒருத்தியை நேர்முகப் பரீட்சையன்று திருப்பி அனுப்பினார்கள். ஜீ.எஸ்.ஸின் (கிராம சேவகரின்) வதிவிட, நற்சான்றிதழை மிக முந்தி எடுத்துவைத்தும் பலனில்லை. ஆறு மாதம் போனால் செல்லாது, பிரதேச செயலாளரின் கையொப்பத்துக்கு மறுபடி நடக்க வேண்டும்.

அரச நிலையத்தில் இடம் கிடைக்காவிட்டால் தனியார் நிலையங்கள் வலை விரிப்பார்கள். "நாங்க ரெஜிஸ்டர் பண்ணின இன்ஸ்டிடியூட்" என்பதை மட்டும் கேட்டு ஏமாற வேண்டாம். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிலையத்தைப் பதிவது ஒன்று, கோர்ஸின் தரத்துக்கு அங்கீகாரம் எடுப்பது வேறொன்று. கோர்ஸுக்கு அங்கீகாரம் இல்லையென்றால் கடைசியில் கிடைப்பது அவர்களே அச்சடித்த மினுமினுப்பான தாள்தான். காசு கட்டமுன் கோர்ஸின் பெயரைச் சொல்லி ஆணைக்குழுவிலேயே கேளுங்கள். நம்பர் இல்லையென்றால் அரச தகவல் நிலையத்தின் 1919க்கு அடியுங்கள், தமிழிலேயே பேசலாம்.

கோர்ஸ் கிடைத்த பிறகும் ஒரு பொறி உண்டு. வகுப்பு முடிந்தபின் வேலைத்தளப் பயிற்சி இருந்தால், அதற்கொரு பதிவேடு தருவார்கள். செய்த வேலையை எழுதி மேற்பார்வையாளரிடம் கையொப்பம் வாங்க வேண்டும். பிள்ளைகள் அதைக் கடைசி மாதத்துக்கு விட்டுவிடுவார்கள். அதற்குள் அந்த ஆள் கட்டாருக்குப் போயிருப்பார். கையொப்பம் இல்லாமல் இறுதி மதிப்பீட்டுக்குப் போய் நின்றால் பிள்ளைதான் மாட்டும்.

மண்டூர்ப் பையன் அடுத்த தவணைக்கு விண்ணப்பம் போட்டான். இந்த முறை தாயே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கியவர் "வைச்சிட்டுப் போங்கம்மா" என்றாராம். இவர் நகரவில்லை. கொண்டுபோன போட்டோ கொப்பியில் திகதியும் முத்திரையும் குத்தி வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினார்.