காத்தாடியோடு மோதியவரின் சொல்

ஆனி, ஆடி மாதங்களில் திருநெல்வேலி மாவட்டத்துப் பணகுடி, இராதாபுரம் வட்டாரத்தில், எங்கள் பக்கத்தில் காத்தாடி என்று சொல்லப்படும் காற்றாலைகள் ஓயாமல் சுழல்கின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வேகங்கொள்வதே அதற்குக் காரணம். ஸ்பெயின் நாட்டுச் செர்வாண்டிஸ் 1605லும் 1615லும் இரு பகுதிகளாக வெளியிட்ட நாவலில், வீரக்கதைகளைப் படித்துப் படித்துத் தம்மையும் வீரராகவே நம்பிவிட்ட டான் குவிக்ஸாட் என்ற முதியவர், காற்றாலைகளை அரக்கர்கள் என்றெண்ணி ஈட்டியோடு பாய்ந்து, இறக்கையால் அடிபட்டு விழுகிறார். நடைமுறைக்கு ஒவ்வாத இலட்சிய வேகத்தைக் குறிக்கும் ‘குவிக்ஸாட்டிக்’ என்ற ஆங்கிலச் சொல் அவர் பெயரிலிருந்து பிறந்தது.

ஒருவரின் பெயர் பொதுச்சொல்லாகும்போது, அவருடைய ஒரே ஒரு குணம் மட்டும் தங்கி, மற்றவை உதிர்ந்துவிடுகின்றன. ‘பகீரதப் பிரயத்தனம்’ என்னும்போது நாம் எண்ணுவது கடும் முயற்சியை மட்டுமே. கும்பகர்ணன் என்றால் தூக்கம். அண்ணனுக்கு அறம் எடுத்துச் சொல்லியும் கேட்கப்படாதபோது, அவனுக்காகவே போரிட்டு மாண்ட பெருந்தன்மை அச்சொல்லில் இல்லை. எனக்கு அது பேரிழப்பாகவே படுகிறது. குவிக்ஸாட்டுக்கும் இதுவே நேர்ந்தது: வீரக்கதைகளைப் பற்றிய பேச்சு எழாதவரையில் அவர் தெளிந்த அறிவோடு உரையாடுபவர். சொல்லின் மதிப்பும் ஒரே நிலையில் நிற்கவில்லை. முதல் வாசகர்கள் சிரித்த அதே மனிதரை, இரு நூற்றாண்டுகளுக்குப் பின் உணர்ச்சிக்கும் கற்பனைக்கும் முதலிடம் தந்த ஜெர்மானியப் புனைவியல்வாதிகள் (ரொமாண்டிக் எழுத்தாளர்கள்) துயர நாயகராகக் கண்டார்கள். அதனால்தான் இன்றும் அச்சொல்லில் ஏளனமும் பரிவும் கலந்தே ஒலிக்கின்றன.

தமிழில் இதற்கு நிகராக ‘மனக்கோட்டை’யைச் சொல்வதுண்டு, ஆனால் மனக்கோட்டை கட்டுபவர் இருந்த இடத்திலேயே இருப்பார், குவிக்ஸாட் குதிரையேறிப் புறப்பட்டுவிடுவார். ‘இலட்சியவாதி’ என்ற சொல்லிலோ மயக்கத்தின் சாயல் இல்லை. அந்த மயக்கமே இச்சொல்லின் உயிர். அடிபட்டு விழுந்த பின்னும் அவர் திருந்துவதில்லை. மந்திரவாதி ஒருவன் அரக்கர்களைக் காற்றாலைகளாக மாற்றிவிட்டான் என்கிறார். கண்ணெதிரே உள்ள சான்றையே தம் நம்பிக்கைக்கு ஏற்ப வளைத்துக்கொள்ளும் மனநிலை அது.

ஆகவே, தோற்றுப்போன பெருமுயற்சிகளுக்கெல்லாம் இச்சொல்லைச் சூட்டுவது பிழை. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துத் தூத்துக்குடியில், ஆங்கிலேயக் கப்பல் கம்பெனிக்கு எதிராக 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சிதம்பரனாரை அவ்வாறு அழைப்பதை என்னால் ஏற்க இயலாது. அவர் பங்குகள் திரட்டினார். வாடகைக்கு எடுத்த கப்பல் கைநழுவியபோது கொழும்பிலிருந்து வேறொன்றை அமர்த்தினார். அதுவும் நிலைக்காது என்று கண்டு சொந்தக் கப்பல்களையே வாங்கினார். 1908இல் அவர் சிறைப்பட்ட பின் கம்பெனி கலைந்தது உண்மையே. ஆயினும் விழுந்த ஒவ்வோர் அடியிலிருந்தும் எதிரியின் பலத்தைச் சரியாக அளந்து, அடுத்த அடியை அதற்கேற்ப எடுத்து வைத்தவர் அவர்.